நான் தராத தள்ளுபடி

ராஜபாண்டியனுக்கு நான் ஐயாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி தொடங்கிய வருஷம், முதல் லோடு காகிதம் எடுக்கச் சொந்தக்காரன் எவனும் கை கொடுக்கவில்லை. மளிகைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அவன் கொடுத்தான். திருப்பித் தரப் போனால், "கம்பெனியிலயே கிடக்கட்டும் அண்ணாச்சி" என்பான். அவனையே கணக்குக்கு வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வரை படித்த நான் இன்று அறுபது பேருக்குச் சம்பளம் போடுகிறேன். இரட்டைப் பதிவு மட்டும் அவன் சொல்லித் தந்தது. சரக்கு கடனுக்குப் போனால் வியாபாரி பேரில் பற்று, விற்பனையில் வரவு. அவர் பணம் கட்டினால் ரொக்கத்தில் பற்று, அவர் பேரில் வரவு.

"ரெண்டு பக்கமும் சரியா நின்னுட்டா எவனும் ஏமாத்த முடியாது அண்ணாச்சி."

பத்தொன்பது வருஷம் நம்பினேன்.

போன தீபாவளிக்கு போனஸ் போட ரொக்கம் பற்றவில்லை. ரெண்டு லட்சத்துக்குக் கடனுக்குச் சரக்கு எடுத்த திருச்சி வியாபாரிக்குப் போன் போட்டேன். "ரெண்டு லட்சத்தையும் ஆடியிலயே உங்க ராஜபாண்டிகிட்ட கொடுத்தாச்சே!" என்றார். பில் போடும் அழகுமீனாவைப் பேரேட்டை வாசிக்கச் சொன்னேன்.

"பாக்கி தீந்துருச்சு அண்ணாச்சி. ரொக்கம் எண்பதாயிரம், தள்ளுபடி ஒரு லட்சத்து இருபதாயிரம். ரெண்டு பக்கமும் சரியாத்தான் நிக்கி."

சிவகாசி வட்டாரமே விலையை ஏற்றிவைத்து, எண்பது சதவீதம் தள்ளுபடி என்று பட்டியல் அடிக்கும். வேறு எவன் கம்பெனியிலும் அந்தத் தள்ளுபடிப் பதிவு கண்ணில் பட்டிருக்காது. என் பட்டியலில் என்றைக்கும் ஒரே விலை. ஊருக்கே தெரியும். ராஜபாண்டியனுக்குத் தெரியாதா?

கூப்பிட்டேன்.

"ஏலே, நான் எவனுக்குலே தள்ளுபடி கொடுத்தேன்?"

"மக கல்யாணம் அண்ணாச்சி... கேட்டா தருவீகளோ மாட்டீகளோன்னு..."

"கேட்டியாலே?"

போனஸுக்கு என் வீட்டுக்காரியின் வளையல்கள் அடகுக்குப் போயின.

"அழகுமீனா, இவன் பேர்ல என்ன நிக்கி?"

"நாம ஐயாயிரம் கொடுக்கணும். வருஷா வருஷம் ஒழுங்கா எழுதியிருக்காக."

அதில் மட்டும் ஒரு பைசா பிசகில்லை.

"கொடுத்தா எப்படி எழுதுவ?"

"இவுக பேர்ல பற்று, ரொக்கத்துல வரவு. கடனும் குறையும், ரொக்கமும் குறையும். ஆனா அண்ணாச்சி, எடுத்ததுல கழிச்சிக்கிடலாமே?"

"அது இவன் எடுத்தது. இது நான் வாங்கினது. எழுது. ஏலே, கையை நீட்டு."

நீட்டினான். பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக எண்ணி, அந்த விரிந்த உள்ளங்கையில் வைத்தேன்.