பல்செட்டு அண்ணனின் பக்கத்து சீட்

“செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க தம்பி. காலை நல்லா நீட்டி, பாதம் முழுசும் தரையில படுற மாதிரி வைங்க.”

பல்செட்டு அண்ணன் தமது காரில் ஏற்றும் எவரிடமும் முதலில் சொல்வது இதுதான். வண்டியின் சுத்தத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்து, புதிதாக வருகிறவர்கள் பயபக்தியோடு கழற்றுவார்கள். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும்தான் விஷயம் புரியும். பாதத்துக்கு அடியில் யாரோ அடுப்பைப் பற்றவைத்தது போலிருக்கும். காலை மடக்கினால் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும், நீட்டினால் வேகும். அண்ணனோ சாலையைப் பாதியும் நம் முகத்தைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டு வருவார்.

“எங்க சுடுது? முன்பல் பக்கமா, கடைவாய்ப் பக்கமா?”

முன்பல் என்றால் கால்விரல், கடைவாய் என்றால் குதிகால். அவருக்கு உலகமே ஒரு வாய். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள்; அதை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். கீழ்வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோர மேசையில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கும். பல்செட்டின் ஈறுக்குப் போடும் ரோஸ் நிறத் தூள் அவர் புருவத்திலும் சட்டைப் பையிலும் எந்நேரமும் படிந்திருக்கும். நம்மோடு பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். மேல்வீட்டில் குடிவந்த புதிதில் இது எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டே வாடகைக்கு வந்தவன் என்று என்னைப் பற்றி அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

கார், அவர்கள் கல்யாணத்தைவிட மூத்தது. நீளமான மூக்கும் இரண்டே இருக்கைகளுமாக, இடுப்பு உயரத்துக்கும் கீழே நிற்கும் வெளிர்பச்சைப் பந்தய வண்டி. துணிக்கூரையைப் பின்னால் மடித்து வைத்துவிடலாம். ஏறுவது என்று சொல்வதே தவறு. தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குவது போல் இறங்க வேண்டும். பார்க்க அழகு, சத்தம் அழகு, குணம்தான் கொஞ்சம் சூடு. இன்ஜினிலிருந்தும் சைலன்சர் குழாயிலிருந்தும் கிளம்பும் வெப்பம் வண்டியின் அடிவயிற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒயர் நுழைய ஓர் ஓட்டை, பெடலுக்கு ஓர் ஓட்டை, கியர்த் தண்டுக்கு ஓர் ஓட்டை என்று செய்தவர்கள் தாராளமாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். சூடு அவ்வழியே வந்து நம் காலைப் பிடித்துக்கொள்ளும்.

“மேல திறந்து வச்சா காத்தோட்டமா இருக்கும்னுதானே நினைக்கிறீங்க? அதுதான் இல்ல. தலைக்கு மேல ஓடுற காத்து, உள்ள இருக்கிற காத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும். உள்ள காலியாகும்ல, அந்த எடத்துக்குக் கீழயிருந்து கொதிக்கக் கொதிக்கக் காத்து வந்து உக்காந்துக்கும். வேகமாப் போகப் போக இன்னும் நல்லா உறிஞ்சும்.”

இப்படி அறிவாளியாகப் பேசுகிறவர் செய்த கூத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. முதலில் ஓட்டைகளையெல்லாம் பல்செட் மெழுகை உருக்கி ஊற்றி அடைத்தார். சூட்டை நிறுத்த மெழுகு வைத்த ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். கடைத்தெரு வரைக்கும் வண்டி குளுகுளுவென்று போனது. பிறகு மெழுகு உருகிக் குழாய்மேல் சொட்டி, புகை கிளம்பி, நாலு கடைக்காரர்கள் வாளியும் தண்ணீருமாக ஓடிவந்துவிட்டார்கள். அடுத்து, கண்ணில் பட்ட ஓட்டையையெல்லாம் அடைக்கிறேன் என்று மழைத்தண்ணீர் வடியும் ஓட்டையையும் சேர்த்து அடைத்தார். கூரையை மூட மறந்த ஒரு நாள் நல்ல மழை. மறுநாள் காலையில் வண்டிக்குள் அவர் செருப்பு மிதந்துகொண்டிருந்தது.

கடைசியில் கைகொடுத்தது அவர் தொழில்தான். பல் அச்செடுக்கும் ரப்பர் மாவு இரண்டு நிறங்களில் வரும். இரண்டையும் சேர்த்துப் பிசைந்து ஓட்டைக்குள் அமுக்கினால் சிறிது நேரத்தில் அந்த இடத்தின் வடிவத்திலேயே இறுகிவிடும். சூட்டுக்கும் அசையாது. மருத்துவர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்ன வட்டக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து அண்ணன் ஓட்டை தேடுவார். கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தபால்காரர் அந்தக் கால்களிடம்தான் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்.

இவ்வளவும் யாருக்காக என்றால் அண்ணிக்காக.

அண்ணி பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கிச் சட்டையைக் கழற்றிவைத்தும் அதிகாரம் குறையவில்லை. என் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை மாடிப்படியில் நிறுத்தி யார், எவர் என்று கேட்டுத்தான் மேலே விடுவார். அந்தக் காரின்மேல் அவருக்கு அண்ணனைவிட ஆசை. “ஆயுசு பூரா நின்னுக்கிட்டே ஊரைச் சுத்துனவ நான். இதுலதான் ராணி மாதிரி உக்காந்துக்கிட்டுப் போறேன். அதுவும் கூட்டமே இல்லாம” என்பார். சுட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வருவார். திரும்பி வந்ததும் அண்ணனை வெளுத்து வாங்குவார். அது ஒரு சுகமான சண்டை. மாடியில் இருந்து நானும் ரசித்துக் கேட்பேன்.

ரப்பர் மாவு வைத்த பிறகு ஒரு நாள் இருவரும் வெகுதூரம் போய்விட்டு வந்தார்கள். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். “இன்னைக்குச் சூடே இல்லைன்னுட்டா தம்பி. அவ வாயாலயே சொல்லிட்டா” என்று தெருவைக் கூட்டிச் சொன்னார். உள்ளே போன அண்ணி செருப்பைக் கழற்றி வைத்தபோதுதான் அண்ணன் பார்த்தார். குதிகாலிலும் சுண்டுவிரலிலும் பெரிய பெரிய கொப்புளங்கள். அண்ணிக்கு ஒன்றும் தெரியவில்லை. “தண்ணி பட்டிருக்கும்” என்று துடைக்கப் போனாராம்.

சர்க்கரை நோய் அவர் பாதங்களின் உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது. புண் ஆற வெகு நாளாயிற்று. நடுவில் ஒருமுறை, விரலை எடுக்க வேண்டிவரலாம் என்றுகூட மருத்துவர் சொன்னார். வெளியூரில் இருக்கும் மகள் ஓடிவந்தாள். புண் ஆறித் தேறும்வரை இருந்தவள், கிளம்பும்போது தகப்பனாரை நேராகவே கேட்டாள்.

“வண்டியை வித்துடுங்கப்பா. இல்லேன்னா அம்மாவை நான் கூட்டிட்டுப் போயிடறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

அண்ணிதான் வாயைத் திறந்தார். “எதுக்குடி விக்கணும்? ஓட்டை இருந்தா அடைக்கட்டும். நான் ஒண்ணும் பார்சல் இல்ல, நீங்க ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போறதுக்கு.”

மகள் சிரிக்கவில்லை. அடுத்தமுறை வரும்போது அந்த இருக்கையில் தானே வெறுங்காலோடு உட்கார்ந்து பார்ப்பதாகவும், கொஞ்சம் சுட்டாலும் வண்டி போய்விட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்துதான் தெருவில் இருக்கிற கால்களையெல்லாம் அண்ணன் வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார். தபால்காரர் கால், சலவைக்கடைக்காரர் கால். எதிர்வீட்டு வக்கீல் மட்டும் சாக்ஸைக் கழற்ற மறுத்து இறங்கிவிட்டார்.

என் முறை வந்தபோது நானும் வெந்தேன். “எங்க, எங்க?” என்று அவர் துளைத்தெடுக்க, எரிச்சலில் சொன்னேன்: “எங்கேன்னு என்னத்தைச் சொல்றது? சுடறது மட்டுமில்லண்ணே, ஊதுது. கணுக்காலுக்கு மேல, முன்னால இருந்து யாரோ ஊதற மாதிரி இருக்கு.”

வண்டியை ஓரங்கட்டினார். என்னை இறக்கிவிட்டு, கண்ணாடியோடு உள்ளே தலைகீழாகப் போனார். ஒட்டியிருந்த பழைய கம்பளத்தைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. நான் குனிந்து பார்த்தேன். கம்பளத்துக்குப் பின்னால், இன்ஜினை மறைக்கும் முன்சுவரில், உள்ளங்கையளவில் ஒரு தகர மூடி. ஓரத்து ரப்பர் செத்துப்போய், மூடியைச் சுற்றி இடைவெளி பல்லிளித்தது.

வெளியே வந்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். “சில நாட்டுல ஸ்டியரிங் இந்தப் பக்கம் இருக்கும், சில நாட்டுல அந்தப் பக்கம். கம்பெனிக்காரன் அந்த ஸ்டியரிங் தண்டு நுழைய ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு, வேண்டாத பக்கத்துக்கு மூடி போட்டிருக்கான். என் பக்கத்து ஓட்டையை நான் எப்பவோ அடைச்சிட்டேன் தம்பி. என் கால் ஜில்லுனு இருந்துச்சு. அவளும் சுடலைன்னா. சரியாப்போச்சுன்னு நினைச்சிட்டேன்.” கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரே ஒரு நாள் அந்தப் பக்கம் நான் உக்காந்து பாத்திருக்கலாம்ல?”

அவரைக் கிண்டல் செய்தே பழகிய எனக்கு அன்று அதற்கு மனசு வரவில்லை. அவர் பக்கத்திலேயே வெறுங்காலோடு உட்கார்ந்துகொண்டேன்.

மூடிக்கு அச்செடுத்து, ரப்பர் வளையம் வார்த்துப் பொருத்தினார். அதன்மேல் வெப்பம் தாங்கும் தகடு, அதன்மேல் புதுக் கம்பளம். மகள் வந்தாள். சொன்னபடி வெறுங்காலோடு உட்கார்ந்து ஊரையே ஒரு சுற்றுச் சுற்றினாள். இறங்கியபோது அவள் முகத்தில் ஏமாற்றமும் நிம்மதியும் கலந்திருந்தன. “பரவால்லப்பா” என்றாள். அந்தக் குடும்பத்தில் அதற்குமேல் யாரும் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை.

மறுநாள் அண்ணியின் முறை. மருத்துவர் சொன்ன கனத்த காலணி, சாக்ஸ் எல்லாம் அணிந்து, தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். நானும் மகளும் அவளுடைய காரில் பின்னாலேயே போனோம். அண்ணன் நிதானமாக ஓட்டினார். அண்ணி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். அனேகமாக வழியில் போகும் பஸ்களைப் பற்றிய குறையாக இருக்கும்.

பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்கு. நாங்கள் அடுத்த வரிசையில் அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றோம். அண்ணனின் தலையைக் காணோம். “அப்பாவுக்கு என்னாச்சு?” என்று மகள் என் கையைப் பிடித்தாள். எட்டிப் பார்த்தேன். அண்ணன் குறுக்கே சாய்ந்து, அண்ணியின் காலடிவரை குனிந்திருந்தார். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல், புறங்கையால் தரையைத் தொட்டார், இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருக்கும் மேட்டைத் தொட்டார், பிறகு காலணிக்குமேல் அண்ணியின் கணுக்காலைத் தொட்டு அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

பச்சை விளக்கு விழுந்தது. அண்ணன் நிமிரவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின. அண்ணி அவசரப்படவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. வண்டிக்கு வெளியே கையை நீட்டி, சுற்றிக்கொண்டு போங்கள் என்று எல்லோரையும் ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தார்.