மூடி போட்ட குழாய்

ராமேஸ்வரத்தில் நான் அறைகளைச் சுத்தம் செய்யும் லாட்ஜுக்கு, வெந்நீர்க் குழாய் பொருத்த ஒருவர் வந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி. எந்தக் குழாயையும் மாட்டுவதற்கு முன் ஒருமுறை ஊதி, கண்ணருகே பிடித்து வெளிச்சம் பார்ப்பார்.

எவ்வளவு பெரிய டேங்க் வைப்பதென்று முடிவு செய்ய என்னிடம்தான் வந்து கேட்டார்.

"தங்கச்சி, ரூம்ல இருக்கவுக எப்பக் குளிப்பாக?"

"தீர்த்தமாடிட்டு ஈரத்தோட எல்லாரும் ஒண்ணாத்தாண்ணே வருவாக."

"அப்பப் பெரிய டேங்க்தான். நீங்க எங்கன குளிப்பீக?"

"பின்னால, வேலையாளுக பாத்ரூம்ல. எங்களுக்கு எதுக்குண்ணே சுடுதண்ணி? வேண்டாம்."

"நாள் பூரா குனிஞ்சு கூட்டுறீக. ஒங்க முதுகு என்ன இரும்பா?" என்று சிரித்தார்.

பின்பக்கம் குழாய் வேண்டாமென்று முதலாளி சொல்லிவிட்டார். இவர் வாதாடவில்லை. எங்கள் குளியலறைச் சுவரை ஒட்டி மேலே அறைகளுக்குப் போகும் வெந்நீர்க் குழாயிலிருந்து ஒரு சாண் மட்டும் உள்ளே நீட்டி, மூடி போட்டார்.

"ஒங்களையும் கணக்குல சேத்துத்தான் டேங்க் வச்சிருக்கேன். அவுக மனசு வச்சா ஒரு டேப் மாட்டுனாப் போதும்."

மூடி இன்னும் அப்படியே இருக்கிறது. மேலே அறைகளில் வெந்நீர் திறக்கும்போது அந்தக் குழாயும் சூடாகும். அதில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். வேண்டாமென்றுதான் நான் சொன்னேன். அவருக்கு எப்படித் தெரிந்ததோ.