சுருளிவேல் கட்டிய நத்தை

உடும்பஞ்சோலையில் வீரபாண்டி மேஸ்திரி கட்டிய சுவரைத் தொடாமல் யாரும் ஒரு நாளைக் கழிக்க முடியாது. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஏலக்காய் ஸ்டோர் எல்லாம் அவர் கைவேலை. முப்பத்தோரு வருடம் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நேர் பார்த்து, நூல் பிசகாமல் கட்டியவர். ஆனால் அந்தச் சுவர்களின் முன்னால் நின்று ஒருவர்கூடப் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை.

சனம் போட்டோ எடுக்கப் போனது சுருளிவேல் கட்டிய ஓட்டலுக்கு. ஏலத்தோட்டத்துச் சரிவில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு நத்தை. அதன் முதுகுச் சுருளுக்குள் தங்கும் அறைகள். சாப்பாட்டுக்கூடம் பிளந்த பலாப்பழம் போல. பக்கத்தில் தலைகீழாக ஒரு வீடு, மேசை நாற்காலியெல்லாம் தலைக்கு மேலே. ஊரார் வைத்த பெயர் கிறுக்கு பங்களா.

சுருளிவேல், வீரபாண்டியிடம் எட்டு வருடம் வேலை பார்த்தவன். அவன் எழுப்பும் சுவர் எங்காவது பிதுங்கும். ஒருமுறை எல்லார் முன்னாலும் வீரபாண்டி, "இது செவராடா? நெறமாசக்காரி வயிறு மாதிரி நிக்குது. இடிச்சுப் போடு" என்றார். அவன் இடித்தான். மறுவாரம் வேலைக்கு வரவில்லை.

"ஊரே பாத்துட்டு வந்திருச்சு. நீங்க வரலேன்னா நான் மட்டும் போறேன்" என்று மனைவி சந்தனம் சொன்னதால்தான் வீரபாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர். குடிக்க அல்ல.

டிக்கெட் வாங்கி நத்தைக்குள் நுழைந்ததும் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே ஏறினார். ஒரு வாரமாக விடாத மழை. எங்காவது ஒரு விரிசல், ஓதம்? இல்லை. முன்னால் போன தேனிக்காரர் ஒருவர், "எவன் கட்டுனானோ, அவன் கையில தங்கக் காப்பு போடணும்" என்றார். சந்தனம் சின்னப்பெண்ணைப் போல வளைவில் ஓடி ஓடி எட்டிப் பார்த்தாள்.

இரண்டாவது வளைவில் ஆளில்லாத நேரம் பார்த்துப் பாட்டிலைக் கவிழ்த்தார். தேங்கும் என்று நிச்சயமாக நம்பினார். தண்ணீர் சுவரோரமாக நெளிந்து, திரும்பி, வெளியே நத்தையின் கொம்பு நுனியிலிருந்து சொட்டியது. கீழே பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"நிக்காதுண்ணே. நானும் மூணு தடவ ஊத்திப் பாத்தேன்."

பின்னால் சுருளிவேல். நக்கல் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"அசத்திட்டப்பா!" என்றாள் சந்தனம். முப்பது வருடத்தில் ஒரு சுவருக்காவது அவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

"எல்லாம் மொதலாளி ரிஜின் வரைஞ்ச படந்தான் மதினி. கம்பிய வளைச்சு, வலையக் கட்டி, மேல சாந்து அடிச்சேன். அவரு மொதல்ல அண்ணங்கிட்டதான வந்தாரு?"

சந்தனம் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருடமாக அவர் யாரிடமும் வாய் திறக்காத விஷயம் அது. ரிஜின் நோட்டை விரித்துக் காட்டியபோது, "நத்தையா? தூக்குக்குண்டு வச்சிருக்கவங்கிட்ட இதையெல்லாம் கொண்டாராதீக" என்று சிரித்து அனுப்பியிருந்தார்.

சுருளிவேல் கூப்பிட்டும் டீ குடிக்காமல் கிளம்பினார்கள். ஜீப்பில் பாதி வழியில் சந்தனம் கேட்டாள்:

"சிரிச்சா அனுப்புனீக?"

"ஆமா."

"இப்ப?"

"வயிறு எரியுது சந்தனம்" என்றார் வீரபாண்டி. "அவன் கட்டுனதுக்கில்ல. என்னாலயும் முடிஞ்சிருக்கும். அதான்."

சந்தனம் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனார். கம்பி எந்த இடத்தில் வளையத் தொடங்குகிறது என்று வெளியே நின்று மத்தியானம்வரை பார்த்தார். சுருளிவேல் ஓடிவந்து டீக்குக் கூப்பிட்டான். போகவில்லை. "அந்தக் கம்பி எத்தன எம்எம்?" என்று மட்டும் கேட்டார்.