நாலு பேர் மேசை

மகள் எங்களுக்குக் கப்பல் பயணம் எடுத்துத் தந்தபோதே எனக்கு மனம் சரியில்லை. இங்கே சுவிசில் பாசல் நகரத்தில் ஏறி, ரைன் ஆற்றில் ஒல்லாந்து வரை போவதாம். எங்களுக்கு விடுமுறை என்றால் பாரிசில் தங்கச்சி வீடு, லண்டனில் மச்சாள் வீடு. ஹோலில் பாய் விரித்துப் படுத்துவிட்டு, மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டு திரும்புவோம். சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத இடத்துக்கு எதற்குப் போக வேண்டும்?

“சும்மா சந்தோசமாப் போட்டு வாங்கோவன் அம்மா,” என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பெட்டியில் வைத்த நூல் சேலையை எடுத்துவிட்டுப் பட்டுச்சேலையை வைத்தாள். முதல் நாள் விருந்தாம்.

கப்பலில் கால் வைத்ததும் சந்தேகம் முற்றியது. ஏறியவர்கள் எல்லோரும் நரைத்த தலைகள். குளியலறையில் பிடித்து எழும்பக் கம்பி. நான் சமையலறையில் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலும் இதே கம்பிதான்.

“இஞ்சருங்கோ, பிள்ளை எங்களை இல்லத்துக்குப் பழக்கிறாள் போல.”

“உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம்,” என்று இவர் கட்டிலில் சாய்ந்தார். வழக்கமாக இப்படி ஒன்றைச் சொன்னால் சண்டைக்கு வருகிற மனிதர் அன்று அதோடு கண்ணை மூடிக்கொண்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே பிள்ளை. அவள் எங்களைக் கைகழுவப் பார்க்கிறாளோ?

மாலையில் கப்பல் புறப்பட்டது. விருந்து மண்டபத்தில் எங்களை நாலு பேர் மேசையில் இருத்தினார்கள். சற்று நேரத்தில் ஒரு சுவிஸ்காரரும் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மா இரண்டு கைகளையும் கூப்பி, “வணக்கம்” என்றார். பிறகு பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

உங்கள் மகளும் எங்கள் மகனும், என்று ஜெர்மனில் தொடங்கினார். மிச்சம் எனக்குத் தேவைப்படவில்லை. நான் இவரைப் பார்த்தேன். ஏற்கெனவே வெண்ணெய் பூசிய பாணுக்கு இவர் மறுபடியும் பூசிக்கொண்டிருந்தார். இந்த மனுசனுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது!

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் என்னவென்று கத்துவது? போன வருடம் அர்ச்சனைக்கு என்று சொல்லித்தான் மகளை அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். அங்கே தற்செயலாக வந்தவர்கள் மாதிரி ஒரு மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள். எங்கள் ஆட்கள் பெண் பார்க்கிற வழக்கம் அதுதானே. அவர்கள், “தங்கச்சி எங்க வேலை செய்யிறா?” என்று கேட்டு முடிப்பதற்குள் அவள் வாசலுக்குப் போய்ச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டாள்.

அந்த அம்மா இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழும்புவதற்காகக் கதிரையைப் பின்னால் தள்ளினேன். கண்ணாடிக்கு வெளியே தண்ணீர்; அதற்கு அப்பால் கரை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

என் மகள் யோசித்துத்தான் கப்பலைப் பிடித்திருக்கிறாள். கதிரையை முன்னால் இழுத்து, ஒரு பழத்தைப் பிய்த்து அந்த அம்மாவிடம் நீட்டினேன்.