பிடியில்லாத வாளி

நான் கலியாணம் முடித்து நெடுந்தீவுக்குப் போன வருடம், போர் எங்கள் கிணற்றடிக்கும் வந்து சேர்ந்தது. இரும்புச் சாமான் தீவுக்குள் போகக் கூடாது என்று தடை. ஆணி, கம்பி, கதவுப் பிணைச்சல் எல்லாம் அபாயகரமானவை. ஒரு பிடி ஆணி கிடைத்தால் போதும், நெடுந்தீவார் அதில் ஏவுகணை செய்துவிடுவார்கள் என்று எங்கள் கெட்டித்தனத்தில் யாரோ அபார நம்பிக்கை வைத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் தகர வாளியின் அடி கறள் பிடித்து உதிர்ந்தது. பிளாஸ்டிக் வாளியை இறக்கினோம். அது தண்ணீரில் அமிழாமல் சுகமாக மிதந்தது. கல்லைக் கட்டி இறக்கினோம். மூன்றாம் நாள் கிணற்றுச் சுவரில் அடிபட்டுப் பிளந்தது.

என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், கிராம சேவகரான விதானையாரிடம் போய்க் கடிதம் வாங்கி வந்தார். எங்களுக்குக் கிணறு உண்டு, கிணற்றில் தண்ணீர் உண்டு, அதை அள்ள வாளி ஒன்று தேவை என்று மூன்று பேருண்மைகளையும் முத்திரை குத்தி உறுதிப்படுத்திய கடிதம்.

இருவரும் யாழ்ப்பாணம் போய் வாளி வாங்கினோம். திரும்பி வள்ளம் ஏறப் புங்குடுதீவுத் துறைக்கு வந்தபோது, காவலில் நின்ற சிப்பாய் கடிதத்தைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான்.

"வாளி சரி. இது கம்பி. கம்பி தடை," என்று குறட்டால் பிடியைக் கழற்றி மேசைக்கடியில் போட்டான்.

"தம்பி, பிடியில்லாமல் எப்பிடி அள்ளுறது?" என்று மச்சாள் கேட்டார்.

"கடிதத்தில் வாளி மட்டும்தான் இருக்கு."

அவன் சொன்னது உண்மை. பிடியைப் பற்றி விதானையார் ஒரு சொல்கூட எழுதவில்லை.

மச்சாள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். "பிடியைத் தந்தால் எழும்புவன்."

"வாங்கோ மச்சாள், போவம். பிடிக்குப் பதிலாய்க் கயிறு கட்டுவம்," என்று கெஞ்சினேன்.

"நீர் போறதெண்டால் போம். எனக்கு ஏலாது."

வள்ளம் எங்களை விட்டுவிட்டுப் போனது. நானும் நின்றேன். வீரத்தால் அல்ல, தனியாகப் போய் என் கணவரிடம் என்ன சொல்வது என்ற பயத்தால்.

பின்னேரம் ஓர் அதிகாரி வந்தார். மச்சாள் எழும்பாமலே கேட்டார்: "ஐயா, உங்கட வீட்டு வாளிக்குப் பிடி இருக்கோ?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இருக்கு," என்றார்.

பிடி கிடைத்தது. ஆனால் நிபந்தனை ஒன்று: வாளியும் பிடியும் ஒன்றாகப் போகக் கூடாது. ஆகவே கடைசி வள்ளத்தில் மச்சாள் முன்னுக்கு வாளியோடு, நான் பின்னுக்குப் பிடியோடு இருந்தோம். நாட்டின் பாதுகாப்பு எங்களுக்கு நடுவே இருந்த நாலைந்து மீன்கூடைகளை நம்பி இருந்தது.

வீட்டில் இவர் கல்லால் தட்டிப் பிடியைக் கொளுவினார். மச்சாள் முதல் வாளித் தண்ணீரை அள்ளி, உடுத்த சேலையோடு தலையில் ஊற்றினார். தோள் குலுங்கியபோதுதான் அவர் அழுவது தெரிந்தது. நாள் முழுக்க அவரும் பயந்துதான் இருந்திருக்கிறார். நான் துவாயை நீட்டினேன்.

அடுத்த கிழமை பக்கத்து வீட்டு அக்கா தனக்கு வாங்கிய கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். 'பிடியுடன் கூடிய வாளி ஒன்று' என்று விதானையார் கவனமாக எழுதியிருந்தார்.

மச்சாள் அதை இரண்டு தரம் வாசித்தார். "கயிறையும் எழுதச் சொல்லும்," என்றார்.