அண்ணனுக்கு வரவேண்டியிருந்த நற்சான்று

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் வீடு தேடி வந்திருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி பெரியவர்கள் என்னைக் கேட்டார்கள். எழுதியிருக்கிறேன். ஆனால் நல்ல வார்த்தை அண்ணனுக்கும் அவருக்குத் துணை நின்ற சிலருக்கும் மட்டுந்தான். மனம் நோகும் என்று அஞ்சுகிறவர்கள் கையிலுள்ள இந்த நினைவு மலரை மடித்து வைத்துவிட்டுப் பந்தியில் அமரலாம். சோறு எல்லோருக்கும் உண்டு.

அண்ணன் கொக்கட்டிச்சோலையை அண்டிய எங்கள் ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு ஊர் வயல்வெளியான வட்டையில் இரண்டு துண்டு வயல் இருந்தது. நான் பிறந்த மறு வருடமே மலேரியா என்ற குளிர்காய்ச்சல் அப்பாவைக் கொண்டுபோயிற்று. அடுத்த மாரியில் எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த சின்னண்ணனும் அதே காய்ச்சலில் போனார். அம்மா பன் புல்லில் பாய் இழைத்து எங்களை வளர்த்தார். அண்ணன் விடியலில் தோணியேறி வாவியைக் கடந்து புளியந்தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவார். படித்து முடித்ததும் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கலக்கவும், பிறகு நோயாளிகளின் இரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் காய்ச்சலின் கிருமியை எண்ணவும் பழகினார். அவர் வாழ்நாள் முழுவதும் பகைத்தது அந்தக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவாகிய நுளம்பு ஒன்றைத்தான். நான் பகைப்பவர்கள் இனித்தான் வருவார்கள்.

உலக யுத்தகாலத்தில் வாவிக்கரைத் தென்னந்தோப்பொன்றில் வெள்ளைக்காரரின் இராணுவம் ஒரு மருத்துவ முகாம் போட்டது. காட்டில் சண்டை பிடிக்கும் படைகளைக் குண்டைவிடக் காய்ச்சல்தான் அதிகம் வீழ்த்துகிறது என்றும், அந்தக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா விளையும் தேசங்கள் எதிரியின் கைக்குப் போய்விட்டன என்றும் அண்ணன் எனக்கு விளக்கினார். கொயினாவுக்குப் பதிலாகப் புதிதாக ஒரு மஞ்சள் குளிசை வந்திருந்தது. அதைத் தினமும் கொடுத்தால் காய்ச்சல் வராமல் தடுக்குமா என்று பார்ப்பதே முகாமின் வேலை. எங்கள் பக்கத்துப் பெடியன்கள் பலர் பாதையும் பாலமும் போடும் படைப்பிரிவில் சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்குத்தான் குளிசை கொடுத்துப் பார்த்தார்கள். அண்ணனை அங்கே வேலைக்கு எடுத்தார்கள்.

அண்ணன் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் குளிசையை நாவில் வைப்பார். தண்ணீர் குடித்ததும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். ஏழு நாளுக்கு ஒரு தரம், கிழமை தவறாமல், விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, நீலச் சாயமேற்றிப் பார்ப்பார். துண்டுக்குத் துண்டு சுத்தமாக வந்தது. சுற்றியுள்ள ஊர்களில் காய்ச்சல் ஆளைப் புரட்டிக்கொண்டிருக்க, முகாமில் ஒருவரும் படுக்கவில்லை.

"குண்டு பட்டுச் செத்தா அது யுத்தம். நுளம்பு கடிச்சுச் செத்தா அது நம்மட பிழை, தங்கச்சி" என்பார்.

முகாமின் தலைவர் ஒரு வெள்ளைக்காரர். மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். அன்றாடப் பொறுப்பு முழுவதும் புளியந்தீவைச் சேர்ந்த நம்மவரான ஒரு டாக்குத்தரிடம் இருந்தது. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இந்தக் குளிசை தின்றால் நாளடைவில் தோல் மஞ்சளாகும். எனவே டாக்குத்தர் வரிசையில் நடந்து, தோலைப் பார்த்து, "இவன் தின்கிறான், இவனும் தின்கிறான்" என்று சொல்லிக்கொண்டே போய்விடுவார். அவருடைய பரிசோதனை அவ்வளவுதான்.

வைகாசி வந்தது. கண்ணகி அம்மன் கோயிலில் ஆண்டுச் சடங்குக்குக் கதவு திறந்தார்கள். படையில் இருந்த நம் பெடியன்களும் அனுமதி வாங்கிப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டார்கள். காப்புக் கட்டியவன் மருந்து தொட்டால் அம்மாளை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்பது எங்கள் பகுதியில் எவருக்கும் சொல்லித் தரவேண்டிய விடயமல்ல. அவர்கள் குளிசையை நாவுக்கு அடியில் ஒதுக்கிவைத்து, வாவிக்கரைக்குப் போய்த் துப்பினார்கள். டாக்குத்தர் வழமைபோல் தோலைப் பார்த்தார். சடங்குக்காக எல்லோரும் உச்சி முதல் பாதம் வரை மஞ்சள் பூசியிருந்தார்கள். அவருக்குப் பரம திருப்தி.

அண்ணன் தோலைப் பார்த்து நம்புகிறவர் அல்லர். சிறுநீரைச் சோதித்தால் அந்தக் குளிசையின் தடம் தெரியும். சோதித்தார், தடம் இல்லை. சாமித்தம்பி என்ற பெடியனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"காப்புக் கட்டினா மருந்து தின்ன ஒண்ணா, அண்ண. அம்மாள் கோவிச்சிருவா" என்றான் அவன். "வெள்ளக்காரனுக்குச் சொல்லிராதீங்க. கட்டளைய மீறினதெண்டு எங்கள மறியலில அடைச்சிருவான்."

அண்ணன் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அதே கையோடு டாக்குத்தரிடம் போய், ஆட்களின் பெயரை விட்டு மற்றதையெல்லாம் சொன்னார். அந்தக் கிழமையைப் பரிசோதனையிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்றார்.

"பேரில்லாம ஒரு கிழமைய வெட்டினா மேல என்ன சொல்றது? குடுத்தது எண்டு எழுது" என்றார் டாக்குத்தர்.

"குடுத்தது மெய்தான் ஐயா, ஆனா தின்னல்ல. இனிக் காய்ச்சல் வரும். குளிசை வேல செய்யல்ல எண்டு மேல இரிக்கிற ஆக்கள் நினைப்பாங்க. மறுகா சண்டைக்குப் போற பெடியனுகளுக்கு இதக் குடுக்காம விட்டிருவாங்க. அவனுகள் சும்மா சாவானுகள்."

டாக்குத்தர் அந்தக் கிழமைக்கு அண்ணன் எழுதியிருந்த தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, எல்லோரும் தின்றதாகத் தன் கையாலேயே புதுத் தாள் எழுதி வைத்தார்.

அண்ணன் சொன்னபடியே காய்ச்சல் வந்தது. வரிசையில் பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். தலைவர் பதறிக்கொண்டு வந்து விசாரித்தார். அந்த நேரத்தில் டாக்குத்தர் ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருக்கலாம். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவர் அண்ணனுக்கு நேரே கையை நீட்டி, "குளிசை இவர் பொறுப்பில்தான் இருந்தது, கடைகளுக்கு விற்றுவிட்டுப் பொய்க் கணக்குக் காட்டியிருப்பார்" என்றார். பெடியன்கள் துப்பிவிட்டார்கள் என்று அண்ணன் சொன்னார். அப்படியானால் யார் யார், பெயரைச் சொல் என்றார் தலைவர். அண்ணன் வாய் திறக்கவில்லை. சாமித்தம்பியும் மற்றவர்களும் அங்கேதான் கிடந்தார்கள். அவர்களும் வாய் திறக்கவில்லை. அன்று மத்தியானமே அண்ணனைக் கள்ளன் என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "களவு போன கிழமையெண்டு அந்தக் கிழமைய வெட்டிட்டாங்க, தங்கச்சி. குளிசைக்குப் பழி வரல்ல. அது போதும்."

அவருக்குப் போதும். எனக்குப் போதாது. அன்றும் போதவில்லை, இன்றும் போதவில்லை.

அதன் பிறகு அண்ணன் அரசாங்கத்து மலேரியாப் பகுதிக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தார். எல்லாக் கந்தோரிலிருந்தும் ஒரே பதில்தான்: இராணுவ முகாமில் பொறுப்பாயிருந்த டாக்குத்தரின் நற்சான்று வேண்டும். அண்ணன் அந்த டாக்குத்தரின் வாசலுக்கு மூன்று முறை போனார். மூன்று முறையும் ஐயா வீட்டில் இல்லை என்று வேலைக்காரன் சொன்னான். மூன்றாம் முறை உள்ளே ஐயா இருமியது அண்ணனுக்குக் கேட்டது. மாமா தன் மகளை அண்ணனுக்குத் தரப் பேசியிருந்த கலியாணத்தை முறித்தார். கோயிலில் அண்ணனைக் கண்டு முகத்தைத் திருப்பியவர்கள் இன்று இந்தப் பந்தலிலும் இருக்கிறார்கள். உங்களை எனக்கு ஒவ்வொருவராகத் தெரியும்.

ஏறாவூரில் மருந்துக்கடை வைத்திருந்த காதர் காக்கா மட்டும் அண்ணனைத் தேடி வந்தார். "கள்ளன் எண்டு சொன்னவன் என்ட கடைக்கு வந்து, என்ட முகத்தப் பாத்துச் சொல்லட்டும். நீங்க வாங்க தம்பி" என்று கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் கடைசிவரை அங்கேதான் இருந்தார். போன வருடம் வாகரைப் பக்கம் காய்ச்சல் மூண்டது என்று கேள்விப்பட்டு, காக்கா கொடுத்த மருந்தோடு போய்ப் பல நாள் தங்கி வைத்தியம் பார்த்தார். அங்கிருந்து கறுத்த சிறுநீரோடு திரும்பி வந்தார். மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துவிட்டால் மருந்தில்லை என்று அவருக்கே தெரியும். பாயில் கிடந்தபோதும் தபால்காரனின் மணி கேட்டால் தலையைத் தூக்கி, "மலேரியாப் பகுதியில இருந்து கடிதமா?" என்று கேட்பார். கடைசி நாள் காலையிலும் கேட்டார். இல்லை என்று சொன்னவள் நான்தான்.

பிரேதத்தை வீட்டு வளவில் கிடத்தியிருந்தபோது சாமித்தம்பி வந்து காலடியில் விழுந்தான். "எங்களக் காட்டிக் குடுக்கல்லயே! துப்பினது நாங்கதான்" என்று ஊர் கேட்கக் கதறினான். சனம் உருகிப்போயிற்று. நான் உருகவில்லை.

"அண்ணன் உயிரோட இரிக்கக்குள்ள வராத வாய் இப்ப ஆருக்கு?" என்று கேட்டேன். அவன் எழுந்து போய்விட்டான்.

அவன் சொல்லைக் கொண்டு எந்தக் கந்தோரும் அண்ணனின் பெயரைத் துடைக்காது. எழுத்து டாக்குத்தருடையதாக இருக்க வேண்டும். அவர் இப்போது நகரசபைக்கு நிற்கிறார். எந்த வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் முன்வரிசையில் உட்காருகிறார். எங்கள் பக்கத்தில் நினைவு மலர் போடுகிறவர்கள் பெரிய மனிதரிடம் அனுதாபச் செய்தி வாங்கி முதற் பக்கத்தில் போடுவது வழக்கம். நானும் வெற்றிலைத் தட்டோடு போனேன். இம்முறை ஐயா வீட்டில் இருந்தார்.

"ஆர் உங்கட அண்ணன், பிள்ளை? என்ன வேலை செய்தவர்?" என்று கேட்டார். அவருக்கு நினைவே இல்லை. அண்ணனின் வாழ்வைக் குழி தோண்டிப் புதைத்தது அவருக்கு மறந்து போயிருந்தது.

"உங்கட முகாமில இரத்தம் பாத்தவர் ஐயா. உங்கட காலத்தில முகாம் எவ்வளவு ஒழுங்கா இருந்தது எண்டு நாலு சனம் வாசிக்க வேணும்" என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. அங்கேயே பேனாவை எடுத்து எழுதினார்: "அன்னார் என் பொறுப்பில் இருந்த முகாமில் கடமையாற்றிய நேர்மையாளர். மருந்துப் பெட்டியின் பூட்டையும் திறப்பையும் அவரிடமே ஒப்படைத்திருந்தேன். என் காலத்தில் அங்கே ஒரு குளிசைகூடக் குறைந்ததில்லை." கீழே ஒப்பமிட்டு, பதவி முத்திரையும் குத்தி, கொஞ்சம் பெரிய எழுத்தில் போடும்படி கேட்டுக்கொண்டார்.

அண்ணனுக்குச் சோறும் மரியாதையும் கொடுத்த காதர் காக்காவுக்கும், வாகரையிலிருந்து அவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த மீனவக் குடும்பத்தாருக்கும், கடைசி நாட்களில் கைகால் பிடித்துவிட்ட அயலவர்களுக்கும், இம்மலரை விரைந்து அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. டாக்குத்தர் ஐயாவுக்கும் நன்றி. அவருடைய செய்தியை ஒரு எழுத்தும் மாற்றாமல், ஒப்பத்தோடும் முத்திரையோடும், அவர் கேட்டபடியே பெரிய எழுத்தில் முதற் பக்கத்தில் போட்டிருக்கிறோம். அண்ணனின் விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பிய ஒவ்வொரு கந்தோருக்கும் நேற்றே ஒவ்வொரு பிரதி தபாலில் போய்விட்டது. அவருக்குரிய பிரதியை நாளைக் காலை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்தக் கட்டுரையை அவர் கடைசி வரியையும் வாசித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன்.