வாசல்காரருக்கு வந்த சேதி

மலைப்பாதையில் வழிப்பறிக்காரர்களிடமிருந்து பயணிகளைக் காக்க உண்டான மடம் அது. துறவிகள்தான், ஆனால் வாள் பிடிப்பவர்கள். உறவை நினைப்பவன் கை சண்டையில் தயங்கும் என்பது அவர்கள் எண்ணம். அதனால் சேர்ந்தவனுக்கு அப்பா அம்மா கிடையாது, பழைய பேர்கூடக் கிடையாது. பக்கத்துப் படுக்கைக்காரனோடு ஒட்டிவிடக் கூடாது என்று மழைக்காலம் முடிந்ததும் அறைகளை மாற்றிவிடுவார்கள்.

இதில் நன்றாகத் தேறியவர் வாசல்காரர். மீசை முளைத்த புதிதில் வந்தவர். ஒரு சண்டையில் முழங்கால் நொறுங்கியதும் வாசலில் உட்காரவைத்தார்கள். கூட நின்று போரிட்டவனைப் புதைத்துவிட்டு வந்த அன்றும் வயிறாரச் சாப்பிட்டாராம். அதனால் சமையல்காரர் வைத்த பேர் 'தாமரையிலை'. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

பிள்ளையைத் தேடி வருகிறவர்களிடம், "அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் அவர் வேலை. சிலர் சபிப்பார்கள். சிலர் கதவைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். தண்ணீர் கொடுப்பார், இறங்கும்போது எங்கே வழுக்கும் என்று சொல்வார். அவ்வளவுதான்.

ஒரு முற்பகலில் நரைத்த தலையோடு ஒரு பெண் மூச்சு வாங்க ஏறி வந்தாள். இடது தோள் சரிந்திருந்தது. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்த தோள். அவருடைய தங்கை.

"எங்கண்ணனைப் பாக்கணும்" என்றாள், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"அப்படி யாரும் இங்க இல்லம்மா."

அவள் கோபப்படவில்லை. "சரிங்க. இல்லாத ஆளை இழுத்துட்டா போக முடியும்? எப்பவாவது பாத்தா ஒரு சேதி சொல்லிடுங்க. அம்மா போயிட்டாங்க. அவங்க படுக்கையில விழுந்ததும் ரெண்டு தடவை ஆள் அனுப்பினேன். வந்தவங்க அண்ணன் பேரைச் சொல்லித்தான் கேட்டாங்களாம். நீங்க இதையேதான் சொன்னீங்களாம்."

வந்தவர்கள் முகம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. சொல்லும் பேரைக் காதில் வாங்குவதை எப்போதோ விட்டிருந்தார்.

தண்ணீர்ச் செம்பை நீட்டினார். குடித்துவிட்டு அவள் இறங்கத் தொடங்கினாள்.

"கடைசியில என்னைக் கேட்டாங்களா?"

தன் வாய்தான் கேட்டதா என்று அவரே திடுக்கிட்டார். அவள் திரும்பினாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"இல்லண்ணா. உன் பேச்சை எடுத்தாலே எழுந்து வேற வேலை பாக்கப் போயிடுவாங்க. அது ரொம்ப வருஷமாவே அப்படித்தான்."

அவள் இறங்கிப் போய்விட்டாள். எல்லோரையும் தான் விட்டுவிட்டதாக நினைத்திருந்தார். எங்கோ அம்மா ஒருத்தி தன்னை விடாமல் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் விட்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மடத்துத் தலைவரிடம் போய் நின்றார். "நான் போறேங்க."

"அங்க யார் இருக்கா உனக்கு?"

"தெரியலைங்க. போய்த்தான் பாக்கணும்."

தலைவர் தடுக்கவில்லை, சாவியை வாங்கிக்கொண்டார். சமையல்காரர் மட்டும் வாசல்வரை வந்து, "என்னய்யா, இலை நனைஞ்சிடுச்சா?" என்று கேலியை ஆரம்பித்து, முடிக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

தங்கை வீட்டில் அம்மா படுத்திருந்த அறையைக் கொடுத்தார்கள். யாரும் எழும் முன் எழுந்து முற்றத்தைக் கூட்டுவார். யாரோடும் பேசாமல் சாப்பிடுவார். பேரப்பிள்ளைகள் "தாத்தா" என்று கூப்பிட்டால், வேறு யாரையோ என்று தாண்டிப் போவார். "உங்கண்ணன் விருந்தாளி மாதிரியே இருக்காரே" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

ஒருநாள் தங்கை அம்மாவின் போர்வையை யாருக்கோ கொடுக்க மடித்துக்கொண்டிருந்தாள்.

"வைடி அதை!"

வீடே திரும்பிப் பார்த்தது. அவர் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவருக்கே தெரியாது.

"வச்சுக்கோ. ஆனா துவைச்சாச்சு" என்று அவர் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

முகத்தில் வைத்துப் பார்த்தார். சோப்பும் வெயிலும்தான் மணத்தன. கூடத்தில் தங்கை, "கத்தினதைக் கேட்டீங்களா? சின்ன வயசுல அப்படியேதான் கத்துவான்!" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்குள் எப்படிப் போய் உட்காருவது என்று தெரியாமல், போர்வையோடு கட்டிலிலேயே இருந்தார்.